லியூபென் வியாழக்கிழமைக்குள் படிக்க வேண்டிய கதை

1

இந்தக் கதையை இலக்கியத்துக்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் தடுப்பதற்காக எழுதுகிறேன். அவர் பெயர் லியூபென். கருங்கடல் கரையிலுள்ள வார்னா நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். வியாழக்கிழமை அந்த மருத்துவமனையை விற்றுவிட்டு, இனிமேல் பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடியே பிழைக்கப்போகிறாராம்.

நான் நெவெனா. அவர் ஆடும் மேசையில் சீட்டுப் போடுகிற டீலர். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. யாருடைய ஆட்டத்தைப் பற்றியும் டீலர் வாய் திறக்கக் கூடாது, தெருவில் பார்த்தாலும்கூட. கதை எழுதக் கூடாது என்று விதியில் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'அன்று கருங்கடல் ஒரு...'

(வேண்டாம். எங்கள் சீட்டு அறையில் ஜன்னலே கிடையாது. எந்தக் கடல்?)

இரண்டாவது தொடக்கம்: 'ஓக்னியன் மூன்று மணி நேரமாக ஒரு கையும் ஆடாமல் உட்கார்ந்திருந்தான்.'

இது பரவாயில்லை. போக்கரில் உண்மையாகவே பிழைப்பவன் ஓக்னியன்தான். ஒன்பது வருடமாக வேறு வேலை இல்லை. பத்துக் கை சீட்டு வந்தால் எட்டைக் கவிழ்த்து வைத்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டு ஆப்பிள் நறுக்கிச் சாப்பிடுவான். லியூபென் வந்தால் இருப்பான். வராவிட்டால் காபியைக் குடித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் தொழில் ரகசியம் அவ்வளவுதான். தன்னைவிட மோசமாக ஆடுகிறவர் இருக்கும் மேசையில் உட்கார வேண்டும், அந்த ஆளுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3

லியூபென் மோசமான ஆட்டக்காரர். இதை எழுதக் கை கூசுகிறது, ஏனென்றால் எனக்கு அவரைப் பிடிக்கும். என் கதைகளைக் கேட்டு வாங்கிப் படிக்கிற ஒரே ஆட்டக்காரர் அவர். (டிப்ஸ் தாராளமாகத் தருகிறவரும் அவர்தான். இதைச் சொல்லாமல் விடப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.)

இந்த வசந்தத்தில் பதினொரு வாரம் அவருக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது. கையில் நல்ல சீட்டு ஒன்றுமில்லாமல், பணத்துக்கு ஈடான டோக்கன் எல்லாவற்றையும் பந்தயமாக நடுவில் தள்ளுவார். மேசையில் கடைசியாகத் திருப்பும் சீட்டு வந்து காப்பாற்றிவிடும். அந்தச் சீட்டைப் போட்டது நான். அதிர்ஷ்டத்தை அவர் திறமை என்று எடுத்துக்கொண்டார். எங்கள் அறையில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்த தப்புதான் அது. ஆனால் மற்றவர்கள் அதற்காகக் கடையை விற்கவில்லை.

இடைவேளையில் வாசலில் ஓக்னியனைப் பிடித்தேன்.

"டாக்டர்கிட்ட நீயாவது சொல்லேன்."

"என்னத்த சொல்ல? நீங்க மட்டமா ஆடுறதாலதான் எங்க வீட்ல அடுப்பு எரியுதுன்னா?"

"ஆஸ்பத்திரிய விக்கப்போறாருப்பா."

"தெரியும். இனிமே தினமும் வருவாரு. எட்டு மாசம் எனக்கு நல்லா ஓடும்."

"அப்புறம்?"

"அப்புறம் வரமாட்டாரு." சிகரெட்டை அணைத்தான். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க, நெவெனா. என்னை வில்லனா மட்டும் எழுதிடாத."

எழுதவில்லை. அதுதான் என் முதல் தவறோ என்னவோ.

4

இரண்டாவது தவறு இது. முதல் வடிவத்தில் லியூபெனை நான் பேக்கரிக்காரராக மாற்றினேன். நாய்க்குப் பதில் ரொட்டி. மனிதருக்கு வலிக்கக் கூடாதே என்று. அந்த பேக்கரிக்காரர் தோற்றுக்கொண்டே இருப்பார், கடையை விற்கத் துடிப்பார். எதிரே ஒரு பொறுமைசாலி சீட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்தபடி அவருக்காகக் காத்திருப்பான்.

திங்கட்கிழமை கொடுத்தேன். செவ்வாய் மதியம், ஆட்டம் தொடங்குமுன், காகிதக் கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"அருமையா இருக்கும்மா. அந்த சீட்டுக்காரன அப்படியே புடிச்சிட்ட. படிக்கப் படிக்க எனக்கே வெக்கமாப் போச்சு."

"எந்த சீட்டுக்காரன், டாக்டர்?"

"அதான், பொறுமையா உக்காந்திருப்பானே. என்னத்தானே எழுதியிருக்க? பேரை மட்டும் மாத்திட்ட, கள்ளி."

ஓக்னியன் ஆப்பிள் நறுக்குவதை நிறுத்தினான்.

"அந்த பேக்கரிக்காரர்?" என்று கேட்டேன்.

"பாவம்மா அவன். இந்த மாதிரி ஆளுங்க எல்லா மேசையிலயும் இருக்கத்தான் செய்றாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கதைன்னாலும் எனக்கு மனசே ஆறல. கடைய விக்கிறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் அவன்கிட்ட சொல்லக் கூடாதா?"

சீட்டு அறைப் பொறுப்பாளர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் சீட்டைக் கலைத்தேன். முதல் கையிலேயே லியூபென் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் தள்ளினார். கடைசிச் சீட்டைத் திருப்பினேன், ஜெயித்தார். எனக்கு டிப்ஸாக ஒரு டோக்கன் தள்ளினார். எடுத்துக்கொண்டேன்.

5

கதைக்கு யோசித்த முடிவுகள்:

நான் மேசையில் வைத்தே சொல்லிவிடுகிறேன். என் வேலை போகிறது. அவர் சிரித்துவிட்டுப் போய் விற்கிறார்.

ஓக்னியன் சொல்கிறான். (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.)

லியூபென் உண்மையிலேயே மகா ஆட்டக்காரராகி...

இந்த வரியை அடித்துவிட்டேன்.

இன்று புதன். மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வடிவத்தில் பேக்கரி இல்லை, ரொட்டி இல்லை. டாக்டர், இது நீங்கள். மோசமாக ஆடுகிறவர் நீங்கள். காத்திருக்கிறவன் ஓக்னியன். உங்கள் டோக்கனை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவள் நான்.

இதை மாலைக்குள் அவருடைய மருத்துவமனைக் கதவின் அடியில் தள்ளிவிடுவேன். தள்ளிவிடுவேன் என்று எழுதுகிறேன், அவ்வளவுதான். எழுதுவது எனக்குச் சுலபம்.

வாசகரே, நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வியாழக்கிழமை எப்போதோ போயிருக்கும். கதவு வரை போனேனா, பாதியில் திரும்பினேனா என்பதை நான் சொல்லப்போவதில்லை. வார்னா பக்கம் போனால் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு, பச்சைக் கதவு. தட்டிப் பாருங்கள். உள்ளே நாய் குரைத்தால் டாக்டர் விற்கவில்லை, நான் கதவு வரை போயிருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். குரைக்கவில்லை என்றால் டாக்டர் எங்கள் மேசையில்தான் இருப்பார், இன்னும் கொஞ்ச நாளைக்கு. சீட்டுப் போடுவது நானாகத்தான் இருக்கும்.