மாதிரிக் கல்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘செங்கல் சார்’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் செங்கல் தெருவில் தார் போட விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரருக்குத் தார்தான் வேண்டும். அவர் மனைவிக்கு நடக்க வராது. சக்கர நாற்காலியை இந்தக் கற்களின் மேல் தள்ளினால் அவள் பல்லெல்லாம் ஆடிப்போகிறது. முனைக் கடைக்குக்கூட அவள் போய் மாதக்கணக்காகிறது. ஜன்னலோடு சரி.

“ஒரு ஆளுக்காக ஊருக்கே தாரா?” என்பார் இவர். நானும் தலையாட்டுவேன். பொய் சொல்வானேன், மழை விட்டதும் அந்தச் சிவப்பைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

மனு கொடுக்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது இவர் கண்டுபிடிப்பு. அதிகாரியோ பத்திரிகைக்காரரோ, யாரைப் பார்க்கப் போனாலும் தெருவிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்துப் போவார். “கைல பிடிச்சுப் பாத்தாதான் அருமை தெரியும்” என்பார். அதைத் தேய்த்துக் கழுவி, ரிப்பன் கட்டி, புதுமாப்பிள்ளை மாதிரி ஜோடித்து அனுப்புவது என் வேலை. பத்திரிகையில் போட்டோ வந்தால் எங்கள் வாசல் குழியில்லாமல் வர வேண்டும் என்பதால் கல்லையெல்லாம் தையல்காரர் வீட்டு வாசலில் எடுத்தார். எனக்குத் தெரியும். அவள்தான் வெளியே வருவதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை நகராட்சி இன்ஜினியர் தெருவைப் பார்க்க வந்தார். கல்லா தாரா என்று அவர் எழுதுவதுதான் முடிவு. இவர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, பாதியைத் தெருவில் கொட்டினார். தண்ணீர் கல் இடுக்கில் இறங்கி மறைந்தது.

“பாத்தீங்களா சார்? தார்ல இது நடக்குமா?”

இன்ஜினியர் தலையசைத்தார். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இதையும் ஒரு தடவை பாத்துடுங்க சார்” என்று தையல்காரர் தன் மனைவியை நாற்காலியோடு வெளியே தள்ளிவந்தார். வாசலைத் தாண்டியதும் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. நாற்காலி சாய்ந்து, அவள் கை ஊன்றி விழுந்தாள். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்தோம். உள்ளங்கை முழுக்க ரத்தம்.

இன்ஜினியர் குழியைக் குனிந்து பார்த்தார். அதற்குப் பக்கத்திலும் குழி. எல்லாம் அளவெடுத்த மாதிரி செங்கல் வடிவத்தில் இருந்தன.

“இங்க இருந்த கல்லெல்லாம் எங்க போச்சு?”

மேடையேறினால் இறங்காத மனுஷன், என் வீட்டுக்காரர், குனிந்து வாளியை ஓரமாக நகர்த்தினார். கேட்டவருக்கே விடை தட்டுப்பட்டுவிட்டது.

“ரிப்பன் கட்டி ஒண்ணு என் மேஜை மேல இருக்கு.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த ரிப்பனின் முடிச்சு நான் போட்டது.

“மறுபடி பதிச்சுடலாம் சார்” என்றார் இவர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. “எழுத வேண்டியதை எழுதிக்கறேன்” என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் வண்டியேறினார். தார்தான் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவேண்டி இருக்கவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனார். எனக்கு அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் அவள் கையைக் கழுவினேன். மண் லேசில் போகவில்லை.

“எங்களை நாலு வார்த்தை திட்டிடும்மா” என்றேன்.

“எதுக்குக்கா? சார் கல்லெடுக்கறதை நான் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன். என் வண்டி போறதுக்குத் தரையைச் சமம் பண்றாருன்னு நினைச்சேன். இனிமே தார் கேக்காதீங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கூட சொன்னேன்” என்றாள். பிறகு சொன்னாள்: “அவருதான் நம்பல.”