தாரை வார்த்த கை

1
இந்தக் கதை ஒரு கலியாண வீடியோவிலிருந்து வந்தது. லாசாலில் தெரிந்தவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக் காட்டினார்கள். தாரை வார்க்கும் நேரம். தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கிறார், ஆனால் விடவில்லை. ஐயர் காத்திருக்கிறார். சபையே அழுகிறது. நானும் அழுதேன். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

2
முதல் தொடக்கம்: பேரின்பநாதன் பாசக்காரத் தகப்பன், அன்றைக்கு அவருடைய விரல்கள்...

[அடித்துவிட்டேன். பொய்.]

இரண்டாவது: மயோட்டோனியா பரம்பரையாக வரும் தசை இறுக்கம். இறுகிய தசை உடனே இளகாது...

[மருத்துவர் மாதிரி ஆரம்பித்துவிட்டேன். ஆனால் தகவல் வேண்டும், இருக்கட்டும்.]

மூன்றாவது: பேரின்பநாதனுக்கு அந்த நோய் இருந்தது. கை ஏன் விடவில்லை என்று மணவறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பரம்பரை நோய் என்று வெளியில் தெரிந்தால் மகளின் சம்பந்தம் குழம்பிவிடும் என்று வீட்டுக்குள்ளும் அவர் வாய் திறந்ததில்லை. சபை பாசம் என்றது. பேசாமல் இருந்துவிட்டார்.

3
மகள் துஷாந்தினி சின்ன வயதில் ஓட்டப்போட்டியில் விசில் ஊதியும் கால் எழும்பாமல் நின்றவள். "பஞ்சி பிடிச்சவள்" என்று, சோம்பேறியாக்கி, எல்லார் முன்னாலும் ஏசியவர் இவர்தான். அவளுக்கு வந்திருப்பது தன்னுடைய நோய் என்று தெரிந்துகொண்டே ஏசினார்.

[கதாபாத்திரத்தோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். கோபித்தேன். இரண்டு நாள் அவரை எழுதவில்லை.]

4
நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பயிற்சிக்கூடம். தசை இறுக்கம் உள்ளவர்களுக்குத் தனி வகுப்பு. எடுத்த எடுப்பிலேயே எதையும் செய்யக் கூடாது. முதலில் சைக்கிளை மெல்ல மிதிக்க வேண்டும். பிறகு இளகும்வரை கையை மூடித் திறக்க வேண்டும். வீட்டில் "கோயிலுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் பேரின்பநாதன் வருவார். ஒரு சனிக்கிழமை அவர் கையை மூடித் திறந்துகொண்டிருக்கையில் துஷாந்தினி உள்ளே வந்தாள், முழங்காலில் கட்டோடு.

[தற்செயல் கூடிப்போனதோ? இந்த நோய்க்கு எத்தனை வகுப்பு இருக்கப்போகிறது?]

"அப்பா! நீங்கள் இஞ்ச என்ன செய்யிறீங்கள்?"

"காலில என்ன பிள்ளை?"

"மெட்ரோப் படியில விழுந்திட்டன். டொக்டர்தான் இஞ்ச அனுப்பினவர், பரம்பரை வருத்தமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"நீ பிறக்க முன்னமே."

அவள் பக்கத்துச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டோ பஞ்சி எண்டு ஏசினீங்கள்?"

அவர் கையை மூடித் திறந்துகொண்டே இருந்தார். சொல்லியிருக்கலாம், எத்தனையோ தரம் சொல்லியிருக்கலாம்.

"அப்ப, கலியாணத்தண்டு என்ர கையை விடாமல் பிடிச்சது?"

5
இதற்கு நான் எழுதிய பதில்கள்:

"அது பாசம் பிள்ளை." [இன்னுமொரு பொய்.]

"அதுவும் இந்த வருத்தம்தான்." [உண்மை. ஆனால் மனம் உடையும் நாட்களில் அவள் போட்டுப் பார்ப்பது அந்த வீடியோவைத்தான்.]

"ரெண்டும்தான்." [இது அவர் சொல்வதில்லை. நான் நழுவுவது.]

ஆகவே அவரைப் பேசவிடவில்லை. அவள்தான் கையை நீட்டினாள்.

"பிடிச்சுக் காட்டுங்கோ, பாப்பம்."

பிடித்தார். இவ்வளவு நேரம் மூடித் திறந்த கை, நன்றாக இளகியிருந்தது. நினைத்த கணத்தில் விடலாம். அவருக்குத்தான் விட மனமில்லை. ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தால் நோய் என்றுதான் அவள் நினைப்பாள்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவராகவே பிடித்திருக்கிறார், அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று என்னைப் பார்க்கிறார். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், விடட்டுமா?