கன்ன எலும்பில் ஒரு குரல்

எட்வேட் பாத்றூமில் விழுந்த அன்று பிறேமினி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதுகளுக்குள்ளும் சின்ன இயர்பட் இருந்தது. எண்ணெய்ச் சத்தமும் பாட்டுமாக இருந்ததில் அவன் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. மீனெல்லாம் பொரித்து, சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு முன்னறைக்குப் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. அவன் பாத்றூம் தரையில், இயங்காத இடது கை உடம்புக்குக் கீழே மடங்கிக் கிடக்க, கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இருபத்தைந்து நிமிடம் கூப்பிட்டதாக அம்புலன்ஸில் வந்தவர்களிடம் சொன்னான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் அவள் காதில் எதையும் வைக்கவில்லை.

லண்டன் ஹரோவில் அந்த வீட்டின் முன்னறைதான் எட்வேட்டின் படுக்கையறையாகி இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்த பிறகு அவனால் படி ஏற முடியாது. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பாத்றூம் வரை போவான். அதற்கும் பின்னால் அவள் நிற்கவேண்டும். முன்பு பார்சல் வான் ஓட்டியவன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கதவு தட்டியவன். அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்தவள். இரண்டு வேலையும் ஒரே மாதத்தில் நின்றுபோயின.

லீட்ஸில் வேலை செய்யும் மகள் ஜெஸ்ரின் டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு வந்தபோது அம்மாவுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே கறுப்பாக, வளையல் பாதி உடைந்தது போல ஒரு ஹெட்போன்.

"அம்மா, இது காதுக்குள்ள போடுறதில்ல. இஞ்ச பாருங்கோ, காதுக்கு முன்னால, கன்ன எலும்பில இருக்கும். எலும்பு அதிர்ந்துதான் சத்தம் உள்ள போகும். காது ரெண்டும் ஃப்ரீ."

பிடரியைச் சுற்றி மாட்டிவிட்டு ஜெஸ்ரின் போனில் பாட்டொன்றைப் போட்டாள். கன்னத்தில் யாரோ விரல் வைத்துச் சுரண்டுவது போல முதலில் கூசியது. பிறகு பாட்டு வந்தது. அதே நேரத்தில் முன்னறையில் எட்வேட் இருமியதும் கேட்டது. பிறேமினிக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

"இனி நீங்கள் ஓடப் போகலாம்," என்றாள் ஜெஸ்ரின். பிறேமினிக்கு இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் மாத்திரைதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

எட்வேட்டுக்கும் அது பிடித்துவிட்டது. "நல்ல சாமான்," என்றான். "பாட்டுக் கேட்டாலும் நான் கூப்பிடுறது கேக்கும்."

ஜனவரியில் அவள் பார்க்கில் ஓடத் தொடங்கினாள். காலை பத்து மணிக்கு, அவன் சாப்பிட்டு, மாத்திரை விழுங்கி, டிவியின் முன் இருத்தப்பட்ட பிறகு, அரை மணித்தியாலம். ஒரு நிமிடம் ஓடு, ஒன்றரை நிமிடம் நட என்று போனிலுள்ள ஓட்டப் பயிற்சி ஆப்பில் ஒரு வெள்ளைக்காரி சொல்லுவாள். அவள் வாய் மூடியிருக்கும் நேரத்தில் பிறேமினி ஒரு துப்பறியும் கதையைக் கேட்டாள். யாரோ ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துப் பதிவேற்றியது. பெருந்தெருவோரம் பஸ் போனால் கதை காணாமல்போகும்; பார்க்குக்குள் வந்ததும் திரும்பி வரும். நாய்க்காரர்கள் பின்னால் வருவதும் கேட்டது, சைக்கிள் மணியும் கேட்டது, கொலைகாரன் கதவைத் திறந்ததும் கேட்டது. முதல் கிழமை அவள் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது கிழமை எட்வேட் மகளுக்குப் போன் எடுத்தான். அம்மா ஓடும்போது போனை எடுத்துப் பதில் சொல்லச் சிரமப்படுகிறாள், ஏதாவது வழியிருக்கா என்று கேட்டான். ஜெஸ்ரின் அம்மாவுக்கு எடுத்து, போனில் எங்கே போய் எதை அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். இனி மூன்று தரம் அடித்தால் போன் தானாகவே எடுபடும்.

"பிறேமி, எங்க நிக்கிறீர்?"

வெளியில் அல்ல, அவளுடைய மண்டைக்குள் கேட்டது. அவள் திடுக்கிட்டு நின்றுவிட்டாள்.

"பார்க்கில. என்ன, விழுந்திட்டியளோ?"

"இல்ல. ரிமோட் கீழ விழுந்திட்டுது."

அடுத்த நாள் கதவில் யாரோ தட்டியதென்று எடுத்தான். அதற்கடுத்த நாள் கால் குளிர்கிறதென்று. பிறகொரு நாள், "ஒண்டுமில்ல, சும்மாதான் எடுத்தனான்." ஒரு தரம் அவன் பேசவே இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் அவளுடைய கன்னத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். போன் தெரியாமல் அழுத்துப்பட்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடம் அவளுக்கு மறக்கவில்லை. துப்பறியும் கதையில் அவள் ஏழாம் அத்தியாயத்தை ஐந்து தரம் தொடங்கினாள்.

மார்ச் மாதம் அலுமாரியை ஒதுக்கும்போது ஹெட்போன் வந்த பெட்டி மறுபடி கையில் அகப்பட்டது. அடியில் சின்னப் பொலித்தீன் பை. உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு பஞ்சு அடைப்பான்கள். விமானத்தில், இரைச்சலான இடத்தில் காதை அடைத்துவிட்டுக் கேட்பதற்காம். அவள் ஒன்றை உருட்டிக் காதில் வைத்துப் பார்த்தாள். மற்றதையும் வைத்தாள்.

ஃபிரிட்ஜின் இரைச்சல் போய்விட்டது. முன்னறை டிவி போய்விட்டது. ஹெட்போனில் பாட்டைப் போட்டபோது அது முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஆழமாக, தலைக்கு நடுவில் கேட்டது. விழுங்கினால் விழுங்குகிற சத்தம். நடந்தால் தன் குதிக்கால் சத்தம். வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அன்று ஐந்து நிமிடம். அடுத்த நாள் சமைக்கும்போது பத்து நிமிடம். தலைமயிரை அவிழ்த்துவிட்டால் காது தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். கூப்பிட்டது கேட்கவில்லையா என்று அவன் கேட்டால், "குசினி விசிறி ஓடினது" என்பாள். ஒவ்வொரு ஞாயிறும் டிவியில் ஒளிபரப்பாகும் பூசைக்கு முழங்காலில் நிற்கும்போது அந்தப் பொய் நினைவுக்கு வரும். திங்கட்கிழமை மறுபடியும் உருட்டி வைப்பாள்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏழாம் அத்தியாயம் முடிந்து எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தரம் முன்னறையை எட்டிப் பார்க்க மறந்துவிட்டாள். உள்ளிப்பூண்டு எடுக்கத் திரும்பியபோது குசினி வாசலில் எட்வேட் நின்றான். ஊன்றுகோலை ஒரு கையால் பிடித்தபடி, ஒற்றைச் செருப்போடு. வாய் அசைந்தது. சத்தமில்லை.

அவள் ஒரு காதிலிருந்து அடைப்பானைப் பிடுங்கினாள். எல்லாச் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறியள்? ஏன் தனிய வந்தனீங்கள்?"

"கையில என்ன அது?"

அவள் கையை விரித்துக் காட்டினாள்.

"நான் கூப்பிடுறது கேக்கக்கூடாதெண்டு வச்சனீரோ?"

விசிறி, காதுவலி, குளிர் என்று எல்லாப் பதிலும் அவளிடம் இருந்தது. "ஓம்," என்றாள்.

 அவள் கதிரையை இழுத்து அவனுக்குப் பின்னால் வைத்து, தோளைப் பிடித்து இருத்தினாள். கொஞ்ச நேரம் அவன் மூச்சு வாங்கினான்.

"நாலு தரம் கூப்பிட்டனான்," என்றான். "பதில் இல்ல. நீர்தான் விழுந்து கிடக்கிறீரெண்டு நினைச்சன்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவான் என்றுதான் நினைத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு அவனுக்கு எதிரே நிலத்தில் இருந்தாள்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு," என்றாள். "நாள் முழுக்கக் காதைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்கிறன். நித்திரையிலயும் திறந்துதான் கிடக்கு. ஓடப் போனாலும் தலைக்குள்ள நீங்கள்."

"அப்ப நான் என்ன செய்யிறது? கூப்பிடாமக் கிடக்கிறதோ?"

"கவுன்சில் ஆக்களை வரவிடுங்கோ. கிழமையில ரெண்டு நாள்."

வீட்டுக்கு வந்து பராமரிக்க ஆள் வேண்டுமா என்று கவுன்சிலிலிருந்து இரண்டு தரம் வந்து விசாரித்திருந்தார்கள். இரண்டு தரமும் அவன் மனைவி பார்க்கிறாள், போதும் என்று அனுப்பிவிட்டான்.

"ஆரோ ஒரு ஆள் வந்து என்னைக் கழுவுறதோ, பிறேமி?"

"ஓம்."

அவன் நெடுநேரம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எவ்வளவு நேரம் நிப்பினம்?"

"ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலம்," என்று அவனும் சொன்னான். சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அன்று பின்னேரம் போன் எடுத்தபோது தடுக்கவுமில்லை.

ஆள் வர ஆறு கிழமை ஆனது. கானா நாட்டுப் பெண், பெரிய உடம்பு, மெதுவான குரல். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மணி அடித்தாள். பதினொரு மணிக்கு வேறொரு நோயாளியின் வீட்டுக்குக் கிளம்பவேண்டும் என்று வாசலிலேயே சொன்னாள்.

பிறேமினி தானாக எடுபடுகிற அமைப்பை முந்தின நாளே நிறுத்தியிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்க்கைச் சுற்றி ஓடினாள். போன் அடிக்கவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் நின்று போனை எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் சுற்றிலும் பார்த்தாள். கதை ஓடிக்கொண்டிருந்தது, யார் யாரைக் கொன்றார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாற்பது நிமிடம் போனதும் வேகமாகத் திரும்பி நடந்தாள். பதினொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் அவன் தனியே இருப்பான்; இனிக் கூப்பிட்டாலும் போன் தானாக எடுபடாது.

அந்தப் பெண் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். "நல்ல மனுசர். அதிகம் பேசமாட்டார்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்வேட் குளித்து, சவரம் செய்து, தலை வாரி இழுத்து இருந்தான். வகிட்டை வழமைக்கு மாறாக வலப்பக்கம் எடுத்திருந்தாள் அந்தப் பெண். வேறு யாரோ போல இருந்தான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வெள்ளிக்கிழமையும் வருவாவோ?"

"வருவா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறேமினி வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.