வீரப்பெருமாள் விழுந்த பதினோரு படங்கள்

1.
இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பனி மூடிய மலைச்சரிவில், கறுப்பு வெள்ளைப் படக் காலத்தின் மாபெரும் கலைஞர் ஒருவர்...’ அடித்துவிட்டேன். வீரப்பெருமாள் மாபெரும் கலைஞர் இல்லை. பதினோரு சிங்களச் சிரிப்புப் படங்களில் அறை வாங்கி விழுந்தவர், அவ்வளவுதான்.

2.
பதினொன்றிலும் ஒரே வேடம். தோட்டத்துத் தமிழன், உடைந்த சிங்களத்தில் ஏதோ உளறுவான், முதலாளி அறைவார், தேயிலைக் கொழுந்துக் கூடைக்குள் தலைகுப்புற விழுவான்.

வீரப்பெருமாளோ றப்பர் தோட்டத்தில், சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அவருடைய சிங்களத்தில் ஒரு பிசிறு இருக்காது. முதல் நாள் படப்பிடிப்பில் அதுதான் சிக்கல். “தோட்டக்காரன் மாதிரியே இல்லையே” என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தோட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு கொழும்பு நடிகரைக் கூப்பிட்டு, தோட்டத்துத் தமிழன் எப்படிப் பேசுவான் என்று தோட்டத்துத் தமிழனுக்கே பாடம் எடுக்கவைத்தார்.

(இங்கே நீங்கள் சிரித்திருந்தால் பரவாயில்லை. இதைச் சொல்லும்போது அவரும் சிரிப்பார்.)

3.
2007, போர்க்காலம். கேகாலைக்குப் போகும் பஸ். வீரப்பெருமாளுக்குப் பக்கத்தில் அவர் மகள் சுதர்ஷினி, பின்சீட்டில் நான். காலை பத்து மணிக்கு அவளுக்கு ஆசிரியர் நியமன நேர்முகப் பரீட்சை. அடையாள அட்டை இல்லை; பிறப்புப் பதிவில் யாரோ பெயரைப் பிழையாக எழுதிவைத்ததில் மூன்று வருடமாக இழுபடுகிறது. கிராம சேவகரின் கடிதம் மட்டும் கையில். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவளை மட்டும் ஓரமாக நிறுத்திவைத்தார்கள்.

வீரப்பெருமாள் ஓடிப்போய், சுத்தமான சிங்களத்தில் மன்றாடினார். அதுதான் அவர் செய்த பிழை. தோட்டத்தான் என்கிறான், சிங்களம் இப்படிப் பேசுகிறானே என்று சிப்பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொல், நீ யார், எந்த ஊர்?

கண்டக்டர்தான் குறுக்கே வந்தார். “ஞாயிற்றுக்கிழமை டீவீயில் பழைய படம் போடுவார்களே, மாத்தயா. கூடைக்குள் விழுகிறவன், அவன் இவன்தான்.”

சிப்பாயின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் அதேமாதிரிப் பேசிக் காட்டு. விழுந்தும் காட்டு. மகள் போகலாம்.”

“வேணாங்கப்பா. வாங்க, திரும்பிப் போயிருவோம். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

“நீ சும்மா இரு புள்ள. பதினோரு தடவ விழுந்தவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா?”

4.
முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் மறுக்கிறார், நீங்கள் கைதட்டுகிறீர்கள், மகளை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். இன்னொன்றில் சிப்பாய் வெட்கப்பட்டுத் தலை... வேண்டாம், அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்தது இது. கொழும்பு நடிகர் சொல்லிக்கொடுத்தபடியே பேசினார். அறுபத்தெட்டு வயதில், தார் ரோட்டில் தலைகுப்புற விழுந்தார். கூடை இல்லை. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சுதர்ஷினி கடிதத்தை மடித்து மடித்து விரல் அளவாக்கிவிட்டாள்.

சிப்பாய் சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாவடிக்குள் இருந்த கூட்டாளிகளைக் கூப்பிட்டான். “இன்னொரு தடவை.”

வீரப்பெருமாள் முழங்கையில் ரத்தத்தோடு எழுந்து மகளைப் பார்த்தார்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அவள் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று தெரிந்தே ஆகவேண்டுமென்றால், நீங்களே அவரை விழச் சொல்லுங்கள்.