வில்லாளி வந்து நின்றாள்

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டு அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். திரையில் பனி மூடிய பள்ளத்தாக்கு விரிந்தது. பாலத்தருகே அவளுடைய கல் பூதம் நின்றுகொண்டிருந்தது. மகளின் வில்லாளி இன்னும் வரவில்லை. வந்துவிடுவாள். இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வருகிறாள், ஆனால் வராமல் இருப்பதில்லை.

வாரம் முழுக்கச் சலவைக்கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். விவாகரத்தின்போது யாரோடு இருக்கிறாய் என்று கேட்டதற்கு மகள் அப்பாவைக் காட்டினாள். அதில் அவளுக்குக் கோபமில்லை. அப்போது அவளிடம் வேலையும் இல்லை, வீடும் இல்லை. பிறகு வேலை கிடைத்தது, ரயிலில் ஒரு நாள் தூரத்தில். அவர் மறுமணம் செய்துகொண்டார். மகளோடு மிச்சமிருந்தது போன் ஒன்றுதான். "சாப்டியா?" "ம்." "பரீட்சை எப்படி எழுதின?" "ம்." கடைசியில் மகளே அலுத்துப்போய்ச் சொன்னாள்: "பேசறதுக்கு என்னம்மா இருக்கு? நீயும் கேமுக்கு வாயேன்."

மகள் உயிரை விட்டுப் பார்க்கும் அனிமே ஒன்றிலிருந்து, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரிலிருந்து, செய்த கேம் அது. டிராகன் உறங்கும் நாட்டைக் கால்நடையாகக் கடக்கும் வில்லாளிச் சிறுமி ஒருத்தி, தலையில் மான்கொம்பு. துணைக்கு ஒரு கல் பூதம். இவள் பழைய கேம் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கினாள். தொடரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள், பாதி புரிந்தும் பாதி புரியாமலும். அவள் பூதத்தைத் தேர்ந்தெடுத்தபோது, "ஐயோ அம்மா, அதை யாருமே எடுக்க மாட்டாங்க. ஆமை மாதிரி நகரும்" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவள் மாற்றிக்கொள்ளவில்லை. இன்னொன்றும் இருந்தது. பூதம் மெதுவாக நடந்ததால் வில்லாளி அங்கங்கே நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அது போதும்.

கொஞ்ச நாளாக மைக் கெட்டுவிட்டதென்று மகள் எழுத்தில்தான் பேசுகிறாள். குரல் இல்லாதது ஒரு குறைதான். ஆனால் எழுத்தில் வந்தவள் வேறு பிள்ளையாக இருந்தாள். "சாப்டியாம்மா?" என்று அவளே கேட்டாள். "கையில ஆவி பட்டுச்சே, எரிச்சல் குறைஞ்சுதா?" என்றாள். ஒருநாள் வில்லாளி எதுவும் சொல்லாமல் வந்து பூதத்தின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிள்ளைக்கு இப்போதுதான் அம்மாவின் அருமை தெரிகிறது என்று கடையில் பட்டன் தைக்கிற அக்காவிடம் இவள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். போன வாரம் துணிந்து கேட்டும் விட்டாள். "லீவுக்கு இங்க வர்றியா கண்ணு?" வில்லாளி பாலத்தை ஒருமுறை சுற்றினாள். பிறகு பதில் வந்தது: "சரிம்மா."

அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினாள். புதுப் போர்வை வாங்கினாள்.

வில்லாளி வந்தாள். பூதத்துக்கு நேரே நின்றாள், அசையவில்லை.

"வந்துட்டியா? டிக்கெட் இன்னைக்கே எடுத்துடறேன். ஜன்னல் சீட்டா பாத்து எடுக்கறேன், சரியா? உங்கப்பாகிட்ட நான் பேசட்டுமா, நீயே சொல்லிடறியா?"

"அக்கா."

மகளின் குரல் இல்லை அது. யாரோ ஒரு பெண்ணின் குரல்.

"டிக்கெட் எடுக்காதீங்கக்கா. நான் அவரோட... நான் இந்த வீட்டுலேர்ந்து பேசறேன்."

அவர் மறுமணம் செய்துகொண்டவள் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று. இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவ எங்க?"

"உள்ள படுத்திருக்கா. நல்லா இருக்கா, பயப்படாதீங்க. அவ இந்த கேமை விட்டு ரெண்டு மாசம் ஆச்சுக்கா. ஒருநாள் பாதியில எழுந்து போயிட்டா. டிவியை அணைக்கலாம்னு நான் வந்தேன். உங்க பூதம் வில்லாளியைச் சுத்திச் சுத்தி வந்துச்சு, நீங்க அவளைக் கூப்பிட்டுட்டே இருந்தீங்க. மனசு கேக்கல. இங்கதான் இருக்கேன்னு டைப் பண்ணிட்டேன். அப்புறம் நிறுத்தத் தெரியல."

"என்னை வச்சு விளையாடினியா?"

"சத்தியமா இல்லக்கா."

இஸ்திரிப் பெட்டியைத் தெரியாமல் தொட்டுவிட்டால் முதலில் சூடே தெரியாது. அப்படித்தான் இருந்தது அவளுக்கு. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கை எரிச்சலைக் கேட்டது. சாப்டியாம்மா என்றது.

"தோள்ல சாஞ்சாளே ஒருநாள். அதுவும்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவளை நான் கேட்டேன்கா, லீவுக்குப் போறியான்னு. வேணாம்னுட்டா. உங்க மேல கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. பழகலன்னு சொல்றா."

கோபம் என்றிருந்தால்கூடச் சமாதானம் செய்திருக்கலாம். அவள் கையிலிருந்த கேம் ரிமோட்டை மடியில் வைத்தாள். கேட்க ஆயிரம் இருந்தும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"இப்ப எவ்வளவு உசரம் இருக்கா?"

"என் தோளைத் தாண்டிட்டா. போன வாரம் முடியை ஒட்ட வெட்டிக்கிட்டா. காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்குமே, அது இப்ப நல்லாத் தெரியுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த மச்சத்தைப் பார்க்க முயன்றாள். இடது காதா வலது காதா என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அது அவளைப் பதறவைத்தது. கேட்கலாமா என்று வாயெடுத்தபோது, அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு திறந்தது.

"யாருகிட்டம்மா பேசிட்டிருக்க?"

மகளின் குரல். தூக்கம் கலையாமல், முன்பைவிடக் கொஞ்சம் கனத்து. அந்தப் பெண்ணை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள் என்று இவள் நினைத்திருந்தாள். அந்த 'அம்மா'வுக்குப் பதில் சொல்ல இவள் உதடும் திறந்தது.

"ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்றது அந்தக் குரல். மைக் அணைந்தது.

ஆனால் வில்லாளி போகவில்லை. அந்தப் பெண் கேமை அணைக்காமலே எழுந்து போய்விட்டாள்போலும். யார் கையிலும் இல்லாத அந்தச் சிறுமி பாலத்தருகே நின்றாள். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. பனிக்காற்றில் முடி பறந்து முகத்தில் விழுந்தது, விலகியது, மறுபடி விழுந்தது.