திலகவதிக்கு எத்தனை விசில்?

குக்கர்கள் விசில் அடிப்பதை நிறுத்திய மூன்றாவது வாரம் என் மனைவி திலகவதி விசில் அடித்தாள்.

நான் கூடத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. நீளமான, ஈரமான விசில். எட்டிப் பார்த்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உச்சந்தலையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"எத்தனாவது?" என்று கேட்டாள்.

"என்ன எத்தனாவது?"

"விசில். எண்ணுங்கன்னு சொன்னேனே."

"ரெண்டு," என்றேன். எனக்குத் தெரியாது.

"ரெண்டா, மூணா?"

"ரெண்டுன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க. எண்ணுங்க."

எங்கள் அடுக்ககத்தில் இது புதிதல்ல. காலையில் எல்லா வீட்டுக் குக்கரும் சேர்ந்து அலறுகின்றன, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மீட்டிங்கில் பேச முடியவில்லை என்று சங்கச் செயலாளர் எபினேசர் அனைவருக்கும் சத்தமில்லாத குக்கர் வாங்கிக் கொடுத்தார். அது விசில் அடிக்காது. செல்போனுக்குச் செய்தி அனுப்பும். செய்தி வரும்போது 'டிங்' என்றது. அது தொந்தரவாக இருந்தது. எல்லோரும் மியூட்டில் போட்டோம். போக்கிடமில்லாத விசில்கள் ஆட்களுக்குள் போய்விட்டன.

முதலில் விசில் புகுந்தது பக்கத்து வீட்டுத் தணிகாசலத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பேப்பர் படித்துக்கொண்டே அடித்தார். யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் பார்த்தபோது குழைந்திருந்தார். அவர் மனைவி பரிமளா அக்கா இப்போது அவரைக் கரண்டியால்தான் நாற்காலிக்கு மாற்றுகிறார்.

"சாதமா இருந்தாலாவது மோர் ஊத்திப் பிசைஞ்சிருப்பேன் தம்பி," என்றார் அக்கா.

திலகவதி மறுபடியும் விசில் அடித்தாள். சுவரில் இருந்த காலண்டர் கழன்று விழுந்தது. குக்கர் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடத்துக்கு எத்தனை விசில் சார்?"

"தெரியாதுங்க."

"அரிசிக்கு மூணு. பருப்புக்கு நாலு. கொண்டைக்கடலைக்கு ஏழு. மேடம் எந்த மாதிரி?"

திலகவதியைப் பார்த்தேன். இதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. "ஏழு தாங்குவான்னு நினைக்கிறேன்," என்றேன்.

"ராத்திரியே ஊற வச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப சொல்ல முடியாது. வெயிட்டை மட்டும் தூக்கிடாதீங்க. ஆள் அனுப்பறேன்."

போனை வைப்பதற்குள் வாசல் மணி அடித்தது. கம்பெனி சட்டை போட்ட ஒருவர் நின்றார். பெயர் ஜெயசீலன் என்று சட்டையில் எழுதியிருந்தது. அவர் திலகவதியின் கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"கேஸ்கட் நல்லா இருக்கு. அடுப்பு எங்க?"

"அணைச்சுத்தானே இருக்கு."

"அந்த அடுப்பு இல்ல சார். மேடத்தோட அடுப்பு."

புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஃபிரிட்ஜ். மிக்ஸி. டிவி. என் நெஞ்சைத் தொட்டதும் கையை உதறினார்.

"இங்கதான் எரியுது."

"நானா?"

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தேன். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே நீலமாக எரிந்துகொண்டிருந்தது. வட்டமாக, ஒழுங்காக. இத்தனை நாளும் அதை நெஞ்செரிச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்ப இருந்து எரியுது மேடம்?"

"கல்யாணத்துல இருந்து," என்றாள் திலகவதி.

"ஒரு தடவைகூட அணைக்கலையா?"

"திருகு எங்க இருக்குன்னு யாரும் காட்டலையே."

ஜெயசீலன் காட்டினார். என் இடது காதுக்குப் பின்னால் இருந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலையேங்க," என்றேன்.

"அடுப்பு ஒண்ணும் பண்ணாது சார். எரியும். அவ்வளவுதான்."

"அப்ப தணிகாசலத்துக்குப் பரிமளா அக்காதான் அடுப்பா?"

"இல்ல. அவருக்கு ஆபீஸ். நான் போனப்ப பூட்டிக் கிடந்துச்சு. அணைக்க முடியலை."

திலகவதி நடுங்கத் தொடங்கினாள். தரை அதிர்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"அடுத்தது வந்தா நான் பொறுப்பில்லை," என்று ஜெயசீலன் இரண்டடி பின்னால் போனார்.

"அணைச்சா எனக்கு என்ன ஆகும்?"

"அணைஞ்சிடுவீங்க."

"திரும்பப் பத்த வைக்கலாமில்ல?"

"இந்த மாடலோட லைட்டர் வராது சார்."

"அப்ப சிம்ல வைங்க. சிம்ல வச்சா போதாதா?"

ஜெயசீலன் திலகவதியைப் பார்த்தார்.

"சிம்ல வச்சா அடிப்பிடிக்கும்," என்றாள் அவள்.

கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். யோசிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்சமாவது யோசிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் காதுக்குப் பின்னால் கையை விட்டுத் திருகினாள்.

'பொக்' என்றது. உள்ளங்காலிலிருந்து குளிர் ஏறியது. முழங்கால்கள் மரத்துப்போயின. நின்ற இடத்திலேயே நின்றேன்.

திலகவதியின் நடுக்கம் நின்றது. தலைக்கு மேல் இருந்த ஆவி மெல்லக் கலைந்தது. புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தவளைப் போல சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"பசிக்குது," என்றாள்.

சாப்பிட்டீங்களா, இன்னும் கொஞ்சம் போடவா, குழம்பு போதுமா என்றெல்லாம் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. இதைச் சொன்னதில்லை. ஒன்றும் சமைக்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். தாடை அசையவில்லை.

ஜெயசீலன் பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். புளிச்சோறு. ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல்.

அவள் சமையலறை நடுவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நிதானமாகச் சாப்பிட்டாள். வறுவலை மிச்சம் வைக்கவில்லை. மூடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டாள்.

யாருக்காவது வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.