பட்டுக்கோட்டை போகும் சாலையில்

அப்துல் அஜீஸ் பத்தொன்பது வருடம் சவூதியின் தம்மாமில் டிரெய்லர் ஓட்டியவர். அங்கே மணிக்கணக்காக ஓட்டினாலும் ஒரு மனிதன் குறுக்கே வரமாட்டான். 2007 வைகாசியில் இரண்டு மாத லீவில் அவர் அதிராம்பட்டினம் வந்தபோது, வீட்டிலிருந்த பழைய மாருதியை மனைவி கமருன்னிஸா ஒரு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் அவருக்குப் பெருமைதான். அவள் வேகம்தான் பிடிக்கவில்லை.

தங்கை மகள் நிக்காஹுக்குத் துணி எடுக்க ஒரு காலையில் பட்டுக்கோட்டைக்குக் கிளம்பினார்கள்.

"நீ ஓட்டுனா மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று சாவியை அவர் வாங்கிக்கொண்டார்.

ஊர் எல்லை தாண்டியதும் எரிச்சல் தொடங்கியது. கூடைக்காரிகளும் சைக்கிள்காரர்களும் சாலையின் இடது ஓரத்திலேயே எதிரும் புதிருமாக வந்தார்கள்.

"எல்லாரும் ராங் சைடுல வர்றாங்க பாரு."

"நெழல் இந்தப் பக்கம்தானங்க இருக்கு. வலப்பக்கம் கால் வைக்க முடியாது, தார் இளகிக் கெடக்கு. கொஞ்சம் மெதுவாப் போங்க."

அவர் ஹாரனை அழுத்தினார்.

பாதி வழியில், அறுத்த எள்ளுச் செடியைச் சாலையின் இடது பாதியில் காயப் போட்டிருந்தார்கள். முன்னால் சைக்கிளில் போனவர் அதன் மேல் ஏற்றாமல் வலப்புறம் ஒதுங்கினார். அதே நேரத்தில் அஜீஸ் நீளமாக ஹாரன் அடித்து முந்தினார். சைக்கிள் ஆடியது. காருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஆள் காய்ந்த வாய்க்காலுக்குள் கிடந்தார்.

கார் நிற்பதற்குள் கமருன்னிஸா கதவைத் திறந்துவிட்டாள்.

விழுந்தவர் காயாரோகணம் என்ற விவசாயி. முழங்கை சிராய்த்திருந்தது, கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவர் முதலில் தேடியது தன் மஞ்சள் பையைத்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணே. தப்பு எம்மேலதான்" என்றார் அஜீஸ்.

"அது கெடக்கட்டும் பாய். தாலுகாபீஸ்ல இன்னிக்கு ஜமாபந்தி. ஒரு மணிக்கு மேல மனு வாங்க மாட்டாங்க. அப்பா காலத்துலேருந்து நாங்க உழுவுற நெலம் பட்டாவுல இன்னொருத்தர் பேருல ஏறிக் கெடக்கு. போன ஆட்சியில ரெண்டு மனு குடுத்தேன். இந்த ஆட்சியில இதான் மொத மனு."

எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை.

"அண்ணே, நீங்க கார்ல ஏறுங்க. கால டாக்டர்கிட்ட காட்டிட்டு, நேரா தாலுகாபீஸ் போயிரலாம்" என்றாள் கமருன்னிஸா.

"சைக்கிளு?"

அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க எடுத்துட்டு வாங்க. ஆறு கிலோமீட்டர்தான்."

திரும்பிப்போன ஹேண்டிலை, முன்சக்கரத்தை முழங்காலுக்கு இடையில் பிடித்து அஜீஸ் நிமிர்த்தினார். மாருதி போய்விட்டது.

இருபது வருடம் கழித்து சைக்கிள் மிதிப்பது முதல் பர்லாங்கு வரை சுகமாகத்தான் இருந்தது. பிறகு தொடை வலித்தது, சட்டை முதுகில் ஒட்டியது. பின்னால் என்ன வருகிறது என்று தெரியாததுதான் பெரிய தொல்லை. ஒரு லாரியின் காற்றே அவரை ஓரத்துக்குத் தள்ளியது. அடுத்து வந்த பேருந்து முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்ததும் அவர் உடம்பு தூக்கிப்போட, மண்ணில் இறங்கிக் காலை ஊன்றினார்.

புளியமரத்தடியில் மீன்கூடையை இறக்கி வைத்திருந்த பெண் சிரித்தாள். "பாய், எங்களுக்கெல்லாம் இது தெனப்படி. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடித்தார். இன்று காலை தன் ஹாரனுக்கு எத்தனை பேர் இப்படி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில், காலில் கட்டுடன் காயாரோகணம் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை; வெறும் சுளுக்கு. மனுவும் உள்ளே போய்விட்டது.

"புதன்கிழமை அளக்க வர்றாங்களாம் பாய். தங்கச்சி என்னைத் தாங்கிப் பிடிச்சு நேரா அதிகாரி முன்னாடி நிறுத்திருச்சு. கட்டுப்போட்ட காலப் பாத்துட்டு அவரே நாற்காலி போடச் சொன்னாரு." இப்படி ஒரு நாற்காலி கிடைக்கும் என்றால் போன வருடமே விழுந்திருப்பேன் என்று அவர் சொன்னதும் மூவரும் சிரித்தார்கள்.

சைக்கிளைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு, காயாரோகணத்தைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அஜீஸ்தான் ஓட்டினார். ஓரிடத்தில் இரண்டு பெண்கள் புல்லுக்கட்டோடு சாலையை அடைத்துக்கொண்டு பேசியபடி நடந்தார்கள். அவர் வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே ஊர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது.

"பின்னாடி உள்ளவங்க திட்டுறாங்க" என்றாள் கமருன்னிஸா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"திட்டட்டும்" என்றார் அஜீஸ். "கட்டு பெருசு. அவங்க ஒதுங்க நேரமாவும்."

துணி எடுக்க மறந்துபோனது வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் இருவருக்கும் நினைவுக்கு வந்தது.